மொழி வகுப்புக்கு லீச்பிளாக்: அகராதிக்கு மட்டும் கதவு திறந்திருக்கட்டும்

மற்றப் பாடங்களில் எல்லாத் தாவல்களையும் மூடச் சொல்லிவிடலாம். இணையவழி மொழி வகுப்பில் அது நடக்காது; அகராதி, உச்சரிப்பு ஒலி, பயிற்சித்தாள் மூன்றும் கைக்கு எட்ட வேண்டும். ஒரு சொல்லுக்குப் பொருள் தேடப் போனவர் யூடியூபில் இறங்குவதும் இந்த வழியாகத்தான். ஜூமில் முன்பு கவனக் கண்காணிப்பு என்று ஒன்று இருந்தது. திரைப் பகிர்வின்போது மாணவர் 30 வினாடிக்கு மேல் வேறு ஜன்னலில் இருந்தால் ஆசிரியருக்குக் காட்டிக்கொடுக்கும். அகராதி பார்ப்பவரும் அதில் குற்றவாளிதான். 2020 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டார்கள், இழப்பு ஒன்றுமில்லை.

லீச்பிளாக் என்பது, நாம் குறிக்கும் தளங்களைக் குறித்த நேரத்தில் பூட்டிவைக்கும் இலவச உலாவி நீட்சி, அதாவது உலாவியில் சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல். ஃபயர்ஃபாக்ஸ், குரோம், எட்ஜ் மூன்றிலும் ஓடும். மொழி வகுப்புக்கு இது பொருந்தக் காரணம் விதிவிலக்கு வசதி. தளப் பட்டியலின் முதல் வரியில் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் இணையம் முழுக்கப் பூட்டு. அடுத்தடுத்த வரிகளில் கூட்டல் குறியோடு எழுதும் முகவரிகள் மட்டும் திறக்கும். மொழிபெயர்ப்புத் தளம் தானாகவே வெளியே நின்றுவிடும் என்பது எழுத்துப் பயிற்சிக்குப் பெரிய லாபம். மெரியம்-வெப்ஸ்டர் போன்ற ஆங்கில அகராதித் தளங்களில் சொல் விளையாட்டுகளும் உண்டு. அதனால் முழுத் தளத்தையும் திறந்துவிடாமல், அகராதிப் பகுதியின் முகவரியை மட்டும் சேர்ப்பது நல்லது.

நேரத்தை 1755-1900 (மாலை 5:55 முதல் 7 வரை) என்ற வடிவில் கொடுத்து, கிழமைகளைக் குறிக்க வேண்டும். நேரம் மாறிக்கொண்டே இருக்கும் வகுப்பென்றால் உடனே பூட்டுவதற்கான 'லாக்டவுன்' பக்கத்தில் கால அளவை மட்டும் கொடுத்தால் போதும்.

பலர் சறுக்குவது விதிவிலக்குப் பட்டியலில். கூகுள் மீட்டைச் சேர்த்துவிட்டு, உள்நுழைவு நடக்கும் கூகுள் கணக்குப் பக்கத்தை மறந்துவிடுவார்கள். வகுப்புக்குள்ளேயே போக முடியாது. முந்தைய நாளே 10 நிமிடம் பூட்டிச் சோதித்துவிடுங்கள். பூட்டு விழும் முன்பே திறந்து கிடக்கும் பக்கங்களையும் தடுக்கத் தனித் தேர்வு இருக்கிறது, அதையும் குறியிடுங்கள். தடை நேரத்தில் அமைப்புகளைத் திறக்கவிடாத தேர்வு இல்லாவிட்டால், இரண்டே சொடுக்கில் பூட்டு கழன்றுவிடும். பிள்ளைகளின் கணினியில் கடவுச்சொல்லும் வேண்டும்.

குறைகளும் உண்டு. வேறு உலாவியைத் திறந்தால் பூட்டு இல்லை. மறைநிலை ஜன்னலில் இயங்கத் தனி அனுமதி தர வேண்டும். கணினியில் நிறுவிய அரட்டைச் செயலிகள் இதன் எல்லைக்கு அப்பால். பக்கத்தில் கிடக்கும் கைபேசியையும் இது ஒன்றும் செய்யாது. அதை அடுத்த அறையில்தான் வைக்க வேண்டும்.