வேலூரில் சப்வூஃபர் வாங்கப் போகிறவர்கள் பெட்டியின் பின்பக்கத்தை முதலில் பாருங்கள்

எங்கள் சத்துவாச்சாரி வீட்டு ஹாலில் அப்பாவின் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் 30 வருடத்துக்கு மேலாகப் பழுதில்லாமல் ஓடியது. போன மாதம் மூன்றே நாளில் அது எரிந்துபோனது. இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

அப்பாவுக்குக் கச்சேரி என்றால் உயிர். எங்கள் சின்ன ஸ்பீக்கர்களில் மிருதங்கத்தின் வலந்தலை (வலது பக்கம்) தெளிவாகக் கேட்கும், தொப்பியில் (இடது பக்கம்) எழும் கும்கி என்ற அடிநாதம் மட்டும் அமுங்கிப்போகும். அதற்காகத்தான், தாழ்ந்த ஒலிகளுக்கென்றே இருக்கும் ஸ்பீக்கர் பெட்டியான சப்வூஃபர் தேடினேன். காந்தி ரோடு பக்கம் ஒரு கடையில், ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தை போட்டோ எடுத்தே காட்டினேன். சப்வூஃபருக்குத் தனி அவுட் இல்லை என்றும் சொன்னேன். "ஒண்ணும் பிரச்சினை இல்ல சார், இது பவர்டு சப்வூஃபர், அதுலயே ஓடும்" என்றார் கடைக்காரர். விலை 6,500 ரூபாய். பில் கேட்டால் ஒரு துண்டுச் சீட்டில் தொகையை எழுதிக் கொடுத்தார்.

மாட்டிக் கொடுக்க ஒரு பையன் வந்தான். வலது ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி, சப்வூஃபர் ஒயரையும் அதோடு சேர்த்து முறுக்கி, அதே டெர்மினலில் செருகினான். "இதுக்குக் கரண்ட் வேண்டாமா தம்பி?" என்று கேட்டேன். "வேணாம்ணா, ஆம்ப்ல இருந்தே எடுத்துக்கும்" என்றான்.

நான் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். பவர்டு சப்வூஃபர் என்றால் உள்ளேயே சொந்த ஆம்ப்ளிஃபயர் இருக்கும், பிளக்கில் செருகப் பவர் கார்டு இருக்கும். எனக்கு வந்த பெட்டியின் பின்னால் ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு டெர்மினல் மட்டும்தான், நடுவில் "4 ஓம்" என்று ஒரு ஸ்டிக்கர்.

மூன்றாம் நாள் இரவு ஒரு கருகல் வாடை. வலது பக்கம் 'ம்ம்ம்' என்று ஒரே இரைச்சல். ஆம்ப்ளிஃபயர் மூடியில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. காட்பாடியில் ஒரு மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் ஷார்ட், பக்கத்து ரெசிஸ்டர் கரிக்கட்டை. அவர் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார்: 8 ஓம் ஸ்பீக்கரோடு 4 ஓம் பெட்டியைப் பேரலலில் (ஒரே டெர்மினலில் பக்கம் பக்கமாக) சேர்த்தால் சுமை சுமார் 2.7 ஓம்; ஓம் குறையக் குறைய ஆம்ப்ளிஃபயரிலிருந்து இழுக்கும் கரண்ட் கூடும். ஆம்ப்ளிஃபயரின் பின்னால் அச்சிட்டிருப்பதோ 8 ஓம். மூன்று மடங்கு கரண்ட் இழுத்தால் அது எப்படித் தாங்கும்? ரிப்பேருக்கு 2,800 ரூபாய் ஆனது.

கடைக்காரரோ "பழைய செட்டு சார், அதுக்கு வயசாயிடுச்சு" என்று கைவிரித்தார். பவர்டு என்று சொல்லவே இல்லையாம். வீட்டில் அம்மா சொன்ன ஒரு வார்த்தைதான் இன்னும் உறுத்துகிறது: "உங்கப்பா இருந்திருந்தா அந்தப் பையன அதுல கை வைக்கவே விட்டிருக்க மாட்டாரு."

சரி, சப் அவுட் இல்லாத ஆம்ப்ளிஃபயரில் எப்படிச் சேர்ப்பது? 'ஹை லெவல்' அல்லது 'ஸ்பீக்கர் லெவல்' இன்புட் உள்ள பவர்டு சப்வூஃபராகக் கேட்டு வாங்குங்கள். ஸ்பீக்கர்கள் இருந்தபடியே இருக்கட்டும். அதே டெர்மினல்களில் இருந்து, இடது வலது இரண்டிலும், இன்னொரு ஜோடி ஒயர் அந்த இன்புட்டுக்குப் போக வேண்டும். அது சிக்னலை மட்டும் எடுத்துக்கொள்ளும், ஆம்ப்ளிஃபயருக்குச் சுமை ஏறாது. ஸ்பீக்கர் ஒயரை ஆர்சிஏ இன்புட்டில் (பலவீனமான சிக்னலுக்கான வட்டத் துளை) கொடுத்துவிடாதீர்கள், சப்வூஃபர் பழுதாகிவிடலாம். உங்கள் ஆம்ப்ளிஃபயரில் அந்தப் பலவீனமான சிக்னலையே வெளியே தரும் 'ப்ரீ அவுட்' இருந்தால் ஆர்சிஏ ஒயரே போதும். ஒயரைத் தொடும் முன் எல்லாவற்றையும் ஆஃப் செய்யுங்கள். சப்வூஃபர் எவ்வளவு உயரமான ஒலி வரை ஒலிக்க வேண்டும் என்பதை அமைக்கும் கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்துவிட்டு அப்புறம் காதுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளலாம்.

பில்லில் 'பவர்டு' என்ற வார்த்தையை எழுதி வாங்குங்கள். என்னிடம் இருப்பது துண்டுச் சீட்டும், ஜிபே ரசீதும், பெட்டியின் பின்பக்க போட்டோவும்தான். அவற்றை வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பணம் திரும்பாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது. மெக்கானிக் கழற்றிக் கொடுத்த இரண்டு டிரான்சிஸ்டர்களையும் ஒரு கவரில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.