.375 ரைஃபிளுக்கு மணல் மூட்டை: ஆன்லைனில் வாங்கியதும் ஜே.சி. ரோட்டில் தைத்ததும்

தாத்தா வால்பாறைப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் மேனேஜராக இருந்தவர். அவர் வைத்திருந்த, பெரிய மிருக வேட்டைக்கான .375 மேக்னம் ரைஃபிள் அம்மாவிடம் வந்து, மூன்று வருடத்துக்கு முன் என் லைசென்ஸில் ஏறியது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அதற்குக் காட்டில் வேலை கிடையாது. பெங்களூருக்கு வெளியே துப்பாக்கி சுடப் பழகும் ஒரு ரேஞ்சில், வருடத்துக்கு நாலைந்து முறை, 50 மீட்டரில் காகிதத்தைத் துளைப்பதோடு சரி. இந்தத் தோட்டா சுலபத்தில் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை பயங்கரம். ஒரு ரவுண்டு கூட வீணாகக் கூடாது என்றுதான் மேஜையில் மணல் மூட்டை வைத்து, ரைஃபிளை அதன் மேல் தாங்கவிட்டுச் சுடுகிறேன்.

முதலில் வாங்கியது ஒரு வெளிநாட்டு செட். முன்னால் வைக்க ஒரு பை, பின்னால் வைக்க முயல் காது மாதிரி இரண்டு மேடு உள்ள சின்னப் பை. காலியாகத்தான் வரும், நிரப்புவது நம் பொறுப்பு. 4,600 ரூபாய். தையல் நேர்த்தி, ஜிப் உறுதி. உதை குறைவான கிளப்பின் .22 ரைஃபிளுக்கும் நண்பருடைய .315-க்கும் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. இடது கையால் பின் பையை இறுக்கினால் பட் (தோளில் பதியும் பின்முனை) உயர்ந்து பேரல் முனை இறங்கும், தளர்த்தினால் ஏறும். மயிரிழை அளவுக்குக் குறி வைக்கலாம்.

.375-ல் இது எதுவுமே நடக்காது. 300 கிரெய்ன், அதாவது 19 கிராமுக்கு மேல் எடையுள்ள குண்டு நொடிக்கு 2,500 அடி வேகத்தில் கிளம்புகிறது. உதை, வேட்டைக்குப் பரவலாகப் பயன்படும் .30-06 ரைஃபிள் கொடுப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த செட்டின் முன் பையோ நாலு விரல் உயரம்தான். கிட்டத்தட்ட மேஜையில் படுத்தபடி, பழக்கத்தில் இடது கையைப் பின் பையில் வைத்துக்கொண்டு சுட்டேன். பட் காரை எலும்பில் வந்து இறங்கியது. பேரலுக்குக் கீழே இருக்கும் முன்கட்டையைப் பிடிக்கக் கை இல்லாததால் ரைஃபிள் பையை விட்டுத் துள்ளிப் பக்கவாட்டில் சரிந்தது. அன்றைக்கு இரண்டாவது ரவுண்டு போடவில்லை. தோளில் பத்து நாள் கன்றிப்போன நீலம்.

எங்கள் ரேஞ்சில் சொல்லிக்கொடுப்பவர் அல்சூரில் உள்ள எம்.இ.ஜி. ராணுவப் பிரிவில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், வேலூர்க்காரர். "பை நல்ல பைதாம்மா, உயரம்தான் பத்தல. நிமிர்ந்து உக்காந்தா இடுப்புக்கு மேல மொத்த உடம்பும் பின்னால ஆடி உதைய வாங்கிக்கும். படுத்துக்கிட்டு சுட்டா தோள் எங்க போகும்?" என்றார். அவர் சொன்ன உயரத்தில் கடைகளில் நான் தேடிய வரை கிடைக்கவில்லை. தைக்கலாம் என்று முடிவு செய்தேன்.

ஜே.சி. ரோட்டில் கார் சீட் கவர் தைக்கும் ஒரு சின்னக் கடை. தைப்பவர் கிருஷ்ணகிரிப் பக்கம். வரைந்து காட்டியதும், "என்னக்கா, திண்டுக்கு உறையா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் ஆர்வமாகிவிட்டார். அடிப் பை 30-க்கு 20 சென்டிமீட்டர், 12 உயரம். அதன் மேல் உட்கார இன்னொரு பை. மூன்றாவதாக, பட்டுக்கும் தோளுக்கும் நடுவில் நிற்க ஒரு ஒல்லிப் பை. முதல் முறை ரெக்ஸினில் தைத்தது என் தவறு. வெயிலில் அது பிசுபிசுத்து முன்கட்டையைப் பிடித்துக்கொள்ள, உதையில் பையும் ரைஃபிளோடு சேர்ந்து இழுபட்டது. மறுபடி மிலிட்டரிப் பச்சை கேன்வாஸில், இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார். இரண்டு முறைக்கும் சேர்த்து 1,900 ரூபாய்தான் வாங்கினார். மேல் பையில் கொஞ்சம் முகப்பவுடர் தூவினால் கட்டை வழுக்கிக்கொண்டு பின்னால் வருகிறது.

மணலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பக்கத்துக் கட்டடத்தில் எம்-சாண்ட் இருக்கிறதே என்று அள்ளிப் போட்டுவிடாதீர்கள். உடைத்த கல், முனை கூர்மை, தூசியும் அதிகம். தையல் வழியே உதிர்ந்து, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டுக்குள் போய்விடும். நான் ஆற்று மணல் ஒரு சிப்பம் வாங்கி, சலித்து, கழுவி, மொட்டை மாடியில் இரண்டு நாள் காயவைத்தேன். அடிப் பையை அம்மிக்கல் மாதிரி கெட்டியாக நிரப்ப வேண்டும், பதினோரு கிலோ பிடித்தது. மேல் பை முக்கால் பாகம் போதும். நடுவில் கையால் குத்திப் பள்ளம் செய்தால் முன்கட்டை அதில் பதிந்து உட்காரும். பேரல் மட்டும் பையைத் தொடக் கூடாது, தொட்டால் குறி மாறும். என் ரைஃபிளில் வார் மாட்டும் வளையம் பேரலிலேயே இருக்கிறது, உதையில் கையைக் கிழிக்காமலிருக்க அந்தக் காலத்தில் அப்படி வைத்தார்கள். அந்த வளையமும் பையில் இடிக்காமல், வாரைக் கழற்றிவிட்டு வைக்கிறேன். இடது கை பின் பையில் இல்லை, முன்கட்டையை இறுகப் பிடித்தபடி முன் பையின் மேல்.

தோள் பைக்கு நாலு கிலோ மணல். ரைஃபிளும் கிட்டத்தட்ட அதே எடைதான் என்பதால், தோளுக்கு வரும் உதை பாதிக்குப் பாதி குறைந்தது போலத் தெரிகிறது. பை தடிமனாக இருந்தால் என் கைக்கு ட்ரிகர் எட்டாது, அதனால் ஐந்து சென்டிமீட்டரோடு நிறுத்தச் சொன்னேன். பத்துப் பன்னிரண்டு கிலோ ஈயக்குண்டு நிரப்பிய பை வைக்கிறவர்களும் உண்டு. பழைய மரக் கட்டை உள்ள ரைஃபிளுக்கு அது வேண்டவே வேண்டாம். பின்னால் நகர வழியில்லாத உதையைக் கட்டைதான் வாங்கும், பிடி ஒல்லியாகும் இடத்தில் விரிசல் விடும். தாத்தாவின் வால்நட் கட்டைக்கு அந்த கதி வர விடமாட்டேன்.

புதுப் பைகளோடு மூன்று ரவுண்டு, டெலஸ்கோப் இல்லாத சாதாரண ஓப்பன் சைட்டில், ஆறு சென்டிமீட்டருக்குள் விழுந்தன. கோச் சொல்லாமலேயே நடுவில் வெடிக்காத ஒரு டம்மி தோட்டாவைப் போட்டிருந்தார். அதில் ட்ரிகரை இழுத்தபோது பேரல் முனை அசையவில்லை. உதைக்குப் பயந்து முன்கூட்டியே தோளைச் சுருக்கும் பழக்கம் போய்விட்டது என்பதற்கு அதுதான் சாட்சி. அப்படியும் ஒரு நாளைக்கு ஐந்து ரவுண்டுக்கு மேல் அவர் விடுவதில்லை. காதில் பிளக், அதன் மேல் மஃப், இரண்டும் கட்டாயம்.

குறை என்றால் எடைதான். மூன்றும் சேர்ந்து இருபது கிலோ, காரிலிருந்து மேஜைக்கு இரண்டு நடை நடக்க வேண்டும். அடிப் பைக்குக் கைப்பிடி வைக்க நான் மறந்துவிட்டேன். நீங்கள் தைக்கக் கொடுத்தால் இரண்டு பக்கமும் சீட் பெல்ட் பட்டையில் ஒரு பிடி போடச் சொல்லுங்கள்.