எலாஸ்டிக்சர்ச் ரிமோட் கிளஸ்டர்: திருப்பூர் அலுவலகத்திலிருந்து பெருந்துறைச் சாயப்பட்டறையைத் தேடுதல்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வரும் ஆர்டர், நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங் என்று பல கைகள் மாறித்தான் பெட்டிக்குள் போகிறது. அந்தக் கைகள் பெரும்பாலும் ஒரே கூரையின் கீழ் இருப்பதில்லை. ஆகவே ஆர்டரை முழுவதும் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் நாள்தோறும் கேட்கும் கேள்வி, குறிப்பிட்ட லாட் (ஒரே தொகுப்பாகச் செல்லும் துணி) இப்போது எங்கே இருக்கிறது என்பதுதான். நான் பணிபுரியும் மென்பொருள் குழு இந்தக் கேள்விக்கு, தரவைச் சேமித்து விரைவாகத் தேடித்தரும் மென்பொருளான எலாஸ்டிக்சர்ச்சைக் கொண்டு விடை தருகிறது. திருப்பூர் அலுவலகத்தில் ஒரு கிளஸ்டரும் (நோடுகள் எனப்படும் சர்வர்கள் ஒன்றாக இயங்கும் தொகுதி), பெருந்துறை சிப்காட்டில் உள்ள சாயப்பட்டறையில் இன்னொரு கிளஸ்டரும் இயங்குகின்றன. இரண்டையும் இணைக்கும் ரிமோட் கிளஸ்டர் வசதியைப் பற்றியதே இந்த மதிப்புரை. இதே அமைப்பை நிறுவ எண்ணும் கோவை, ஈரோடு, கரூர்ப் பகுதி நண்பர்கள் தொடங்கும் முன் அறிந்திருக்க வேண்டியவை சில உள்ளன.

எல்லாத் தரவையும் ஓரிடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்காமல், தரவு இருக்கும் இடத்துக்குத் தேடலை அனுப்பி, விடையை மட்டும் பெற்றுவருவதே இந்த வசதியின் அடிப்படை. முன்பு இதற்கு ட்ரைப் நோடு என்ற ஏற்பாடு இருந்தது. அது இணைக்கப்பட்ட ஒவ்வொரு கிளஸ்டரிலும் தானும் ஓர் உறுப்பாகச் சேர்ந்து, அவற்றின் நிலைத்தகவலையெல்லாம் ஒன்றாகச் சுமந்தது. 2017இல் 5.3 பதிப்பில் கிளஸ்டர்களுக்கிடையேயான தேடல் அறிமுகமானது. 2019இல் வந்த 7.0 பதிப்பு ட்ரைப் நோடை நீக்கிவிட்டது. இந்த மாற்றம் சரியான திசையில் எடுத்து வைத்த அடி என்றே கருதுகிறேன். இப்போது ஒரு கிளஸ்டர் மற்றொன்றை நோக்கிச் சில இணைப்புகளை மட்டும் திறந்துவைக்கிறது. மற்றபடி இரண்டும் தனித்தனியாகவே வாழ்கின்றன.

அமைப்பது எளிது. எலாஸ்டிக்சர்ச்சின் நிர்வாகத் திரையான கிபானாவில் உள்ள ரிமோட் கிளஸ்டர் பக்கத்திலோ, கிளஸ்டர் அமைப்பு ஏபிஐ (நிரல் வழியே கட்டளையிடும் இடைமுகம்) வழியாகவோ, எதிர்க் கிளஸ்டருக்கு ஒரு மாற்றுப்பெயரும் முகவரியும் கொடுத்தால் போதும். பிறகு தேடும்போது அந்த மாற்றுப்பெயரையும் இண்டெக்ஸ் (பதிவுகளின் தொகுப்பு) பெயரையும் இடையில் முக்காற்புள்ளி வைத்து எழுத வேண்டும். இணைப்பு ஒருவழிப்பட்டது என்பதை மட்டும் நினைவில் வைக்கவேண்டும்: திருப்பூர் பெருந்துறையைத் தேடலாம், ஆனால் பெருந்துறை திருப்பூரைத் தேட அங்கே தனியாக ஒரு பதிவு வேண்டும். தேடலைத் தொடங்கும் நோடுகளுக்கு ரிமோட் கிளஸ்டர் கிளையண்ட் என்ற பொறுப்பும் இருக்கவேண்டும்; நோடுகளின் பொறுப்புகளைக் கையால் எழுதி வரையறுப்பவர்கள் இதை விட்டுவிட வாய்ப்புண்டு.

என் முதல் குறை இந்த எளிமையைப் பற்றியதுதான். அமைப்பைச் சேமித்ததும் ஏற்கப்பட்டது என்ற பதில் வருகிறது. அந்தப் பதில், அமைப்பு எழுதப்பட்டது என்பதற்கு மட்டுமே சான்று. இணைப்பு உண்டானது என்பதற்கு அல்ல. மறுமுனை அணைந்து கிடந்தாலும் அதே பதில்தான். உண்மை நிலையை அறிய, ரிமோட் இன்ஃபோ என்ற தனி ஏபிஐயைக் கேட்டு, இணைக்கப்பட்டுள்ளதா என்ற புலத்தைப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு அமைப்பு மாற்றத்துக்குப் பிறகும் இதைக் கேட்பதை நிறுவும் முறையிலேயே சேர்த்துவிடுவது நல்லது.

அடுத்தது இணைப்பு முறை. நம் பகுதியில் இந்த வசதியின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் இதில்தான் தீர்மானமாகும். ஸ்னிஃப், ப்ராக்ஸி என இரண்டு முறைகள் உள்ளன. எதையும் குறிப்பிடாவிட்டால் ஸ்னிஃப் தானாக அமையும். ஸ்னிஃப் முறையில், நாம் கொடுக்கும் தொடக்க முகவரியான சீட் முகவரியை முதலில் தொடர்புகொண்டு, எதிர்க் கிளஸ்டரில் என்னென்ன நோடுகள் உள்ளன என்ற விவரத்தை வாங்கி, அவற்றுள் இயல்பாக மூன்று வரை வாயில் நோடுகளாகத் தேர்ந்து, அவற்றுடன் நேரடியாக இணைப்பை ஏற்படுத்திக்கொள்கிறது. இங்கே கவனிக்கவேண்டியது, அந்த நோடுகள் தம்மைப் பற்றி வெளியிடும் முகவரி. பெருந்துறை ஆலைக்குள் ஒரு நோடு 192.168 என்று தொடங்கும் உள்வலை முகவரியை வெளியிடுமானால், திருப்பூரிலிருந்து அந்த முகவரிக்கு வழியே கிடையாது. சீட் முகவரி சரியாக இருந்தும் இணைப்பு அமையாமல் போவதற்கு இதுவே பொதுவான காரணம். மென்பொருளைத் தனிப் பெட்டகங்களில் இயக்கும் டாக்கரைப் பயன்படுத்துபவர்களுக்கும் இதே நிலைதான்.

2020இல் 7.7 பதிப்பில் வந்த ப்ராக்ஸி முறை இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. எதிர்ப்பக்கத்துக்கு ஒரே ஒரு முகவரியைக் கொடுத்தால், இயல்பாக 18 சாக்கெட் இணைப்புகளை அந்த முகவரிக்கே திறந்து, நோடுகளின் உள்முகவரிகளைப் பற்றிக் கவலைப்படாமல் வேலை செய்கிறது. அந்த முகவரியில் ஒரு சுமைப்பகிர்வியோ, போக்குவரத்து அடுக்கில் இயங்கும் ப்ராக்ஸியோ இருந்து, வரும் இணைப்புகளை நோடுகளுக்குப் பகிர்ந்துவிட்டால் போதும். இரு இடங்களும் ஒரே விபிஎன் வலைக்குள் இருந்து, ஒவ்வொரு நோடும் மற்றொன்றின் கண்ணுக்குத் தெரியும் என்றால் ஸ்னிஃப் சிறந்தது, ஏனெனில் நடுவே ஒரு கருவி குறைகிறது. சிற்றூர்த் தொழிற்பேட்டைகளில் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் ஆலை முழுவதும் இருப்பதுதான் வழக்கம் என்பதால், ப்ராக்ஸி முறையையே பரிந்துரைக்கிறேன். இயல்பமைப்பை மட்டும் நம்பிப் பின்பற்றுபவருக்கு இந்த வேறுபாடு உரிய நேரத்தில் தெரிவதில்லை என்பது தயாரிப்பின் ஆவணத்தில் நான் காணும் குறை.

எந்த முறையானாலும் இந்த இணைப்புகள் நெடுநேரம் திறந்தே இருப்பவை. சற்று நேரம் ஓசையில்லாத இணைப்பை ஓசையில்லாமலே துண்டிக்கும் ஃபயர்வால் நடுவில் இருந்தால், இரவுப் பணி முடிந்து காலையில் செய்யும் முதல் தேடல் தடுமாறும். ஃபயர்வாலின் காலக்கெடுவைவிட இணைப்பு உயிருடன் இருப்பதைக் காட்ட அனுப்பும் டிசிபி கீப்அலைவ் செய்தியின் இடைவெளி குறைவாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான் அதிகம் அக்கறை கொள்ளும் அமைப்பு, ஸ்கிப் அன்அவைலபிள் என்பது. எதிர்க் கிளஸ்டர் கிடைக்காதபோது என்ன செய்வது என்பதை அது முடிவு செய்கிறது. இல்லை என்று வைத்தால், பெருந்துறையில் மின்சாரமோ இணையமோ போனால் திருப்பூரின் தேடல் முழுவதுமே பிழையில் முடிகிறது. தன் கைவசம் உள்ள தரவைக்கூட மெர்ச்சண்டைசர் பார்க்க முடியாது. ஆம் என்று வைத்தால், கிடைக்காத கிளஸ்டரைத் தாண்டி, கிடைத்தவற்றின் விடையை மட்டும் தருகிறது. 8.15 பதிப்பு முதல் இதன் இயல்பமைப்பு இல்லை என்பதிலிருந்து ஆம் என்று மாறியிருக்கிறது. பதிப்பை உயர்த்துபவர்கள் அறியாமலே தம் அமைப்பின் நடத்தை மாறிவிடக்கூடும் என்பதால், எந்தப் பதிப்பானாலும் இதை வெளிப்படையாக எழுதிவைப்பதே முறை.

ஆம் என்பது வசதியானதுதான், ஆனால் எங்கள் தொழிலில் அதற்கு ஓர் ஆபத்து உண்டு. ஒரு லாட் எண்ணைத் தேடியதும் ஒன்றும் கிடைக்கவில்லை என்று திரை சொன்னால், அது சாயத்துக்கே போகவில்லை என்று பொருள்கொண்டு, ஆர்டர் தந்த பையரிடம் தாமதம் என்று சொல்லிவிடுவார்கள். உண்மையில் அந்த லாட் பெருந்துறையில் சாயம் ஏறிக் காய்ந்துகொண்டிருக்கலாம். தேடல் விடையோடு வரும் கிளஸ்டர்கள் என்ற பகுதியில் மொத்தம் எத்தனை, வெற்றி எத்தனை, தாண்டப்பட்டது எத்தனை என்ற விவரம் இருக்கிறது. தாண்டப்பட்டது சுழியத்துக்கு மேல் இருந்தால், பெருந்துறைப் பதிவுகள் இந்த விடையில் சேரவில்லை என்று திரையின் மேலேயே எழுதிக்காட்டும்படி எங்கள் செயலியை அமைத்திருக்கிறோம். தேடல் பெட்டியை உருவாக்கும் ஒவ்வொருவரும் இதைச் செய்யவேண்டும். இந்த விவரத்தை விடையிலேயே தந்திருப்பதற்காகத் தயாரிப்பாளர்களைப் பாராட்டுகிறேன்.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இயல்பான தேடலில் ஒவ்வொரு கிளஸ்டருக்கும் ஒரே கோரிக்கை போய், அங்கேயே விடை திரட்டப்பட்டுத் திரும்புவதால், மெதுவான இணைப்பிலும் தாங்குகிறது. பின்னணியில் ஓடவிட்டு விடையைப் பிறகு பெறும் ஒத்திசைவற்ற தேடலில் மட்டும் இந்தச் சிக்கனம் இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும். இயக்கினால் வேகம் கூடலாம், ஆனால் தொலைவிலுள்ள தேடலின் முன்னேற்றம், எல்லாம் முடியும் வரை தெரியாது.

பாதுகாப்பில்தான் கடந்த சில ஆண்டுகளில் பெரிய முன்னேற்றம் நடந்திருக்கிறது. பழைய முறையில் இரு கிளஸ்டர்களும் ஒன்றன் டிஎல்எஸ் (மறையாக்க இணைப்பு) சான்றிதழை மற்றொன்று நம்பி, 9300 போர்ட் வழியே பேசும். பயனருக்கு என்ன உரிமை என்பது, அவருக்கு இங்குள்ள ரோலின் (உரிமைத் தொகுப்பின்) அதே பெயரில் எதிர்க் கிளஸ்டரில் உள்ள ரோலைக் கொண்டு முடிவாகும். ஒரே நிறுவனத்தின் இரு கிளைகளுக்கு இது போதும். ஆனால் சாயப்பட்டறை வேறொருவருடையது. ஒரே பட்டறை பல கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்கிறது. அதன் சாய ரெசிபி தொழில் இரகசியம். இந்த நிலையில் சான்றிதழ் நம்பிக்கை பொருந்தாது, ஏனெனில் இந்தப் பக்கம் முழு அதிகாரம் பெற்றவர் அந்தப் பக்கத் தரவையும் படித்துவிட முடியும்.

8.10இல் சோதனை வடிவில் வந்து 8.14இல் உறுதியான ஏபிஐ சாவி முறை இதற்கு உரிய விடை. சாயப்பட்டறையின் நிர்வாகி தம் கிளஸ்டரில் ஒரு சாவியை உருவாக்கி, லாட் நிலை இண்டெக்ஸை மட்டும் தேடலாம், ரெசிபி இண்டெக்ஸைத் தொடக்கூடாது என்று அவரே வரையறுக்கிறார். ஒரு கம்பெனியின் லாட்டுகள் மட்டும் அந்தக் கம்பெனிக்குத் தெரியும்படி ஆவண அளவிலும் கட்டுப்படுத்தலாம். போக்குவரத்தும் 9443 என்ற தனிப் போர்ட்டில் நடப்பதால், உள்வலையின் 9300ஐ வெளியாருக்குத் திறக்கத் தேவையில்லை. கதவின் சாவி வீட்டுக்காரர் கையில் இருக்கிறது என்பதே இதன் சிறப்பு. எதிர்க் கிளஸ்டரின் எல்லா நோடுகளிலும் ரிமோட் கிளஸ்டர் சர்வரை இயக்கி மறுதொடக்கம் செய்வதும், நம் பக்கத்தில் ஒவ்வொரு நோடின் கீஸ்டோரிலும் (இரகசியங்களைப் பாதுகாக்கும் கோப்பு) சாவியைச் சேர்ப்பதும் சற்றே உழைப்பைக் கேட்கும்; இரு பக்கமும் தகுந்த உரிமமும் வேண்டும். 9 பதிப்புகளில் சான்றிதழ் முறை கைவிடப்படவிருப்பதாக அறிவிக்கப்பட்டுவிட்டதால், புதிதாகத் தொடங்குபவர்கள் சாவி முறையிலேயே தொடங்குவது நல்லது.

தேடல் மட்டும் போதாது, பெருந்துறை அணைந்தாலும் அதன் பதிவுகள் இங்கே இருக்கவேண்டும் என்பவர்களுக்குப் பிரதியெடுக்கும் வசதி தேவை. அது இதே இணைப்பின் மீது இயங்கினாலும் கட்டணச் சந்தாவுக்கு உட்பட்டது. செலவைக் கருதுபவர்கள், 2021இல் எலாஸ்டிக்சர்ச்சிலிருந்து கிளைத்த ஓப்பன்சர்ச்சில் அதே பணியைச் செய்யும் வசதி இலவசமாகக் கிடைப்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பதிப்பு உயர்த்தும் வரிசையையும் இரு தரப்பாரும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். தேடும் கிளஸ்டரைவிட, தேடப்படும் கிளஸ்டர் ஒரு சிறு பதிப்பு வரை (8.15க்கு 8.14 போல) பின்தங்கியிருக்கலாம். அதற்கு மேல் பின்தங்கினால் ஆதரவு இல்லை. அதே முதன்மைப் பதிப்புக்குள் எத்தனை சிறு பதிப்பு முன்னே போனாலும் தடையில்லை. ஆகவே முதலில் சாயப்பட்டறையின் கிளஸ்டரை உயர்த்தி, ரிமோட் இன்ஃபோவில் இணைப்பைச் சரிபார்த்து, அதன்பின் திருப்பூரை உயர்த்துகிறோம்.