வீட்டுக்குத் தபாலில் வரும் குடல் புற்றுநோய்ப் பரிசோதனைப் பொதி: ஒரு மதிப்பீடு

இங்கிலாந்தில் ஜீபியிடம் (குடும்ப மருத்துவரிடம்) பதிவு செய்திருக்கும் 50 முதல் 74 வயது வரையான எல்லோருக்கும் அரச சுகாதாரச் சேவையான என்எச்எஸ் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு தடவை ஒரு சிறிய பொதியைத் தபாலில் அனுப்புகிறது. யாரும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை, ஒரு பென்னியும் செலவில்லை. கேட்காமலே வருவதாலோ என்னவோ, நம்மவர் வீடுகள் பலவற்றில் அது விளம்பரத் தாள்களோடு சேர்ந்து ஒரு மூலையில் கிடந்துவிடுகிறது. எனக்கு முதற்பொதி வந்தபோது வயது 60. அன்று அந்த வயதில்தான் அனுப்பத் தொடங்கினார்கள். இதுவரை மூன்று தடவை செய்து அனுப்பியிருக்கிறேன். என் அண்ணாவின் பொதி அவரை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனபோது கூடவே இருந்தும் பார்த்தேன். இந்த இரண்டு அனுபவங்களையும் வைத்தே இதை எழுதுகிறேன்.

பொதிக்குள் ஒரு கடிதம், படங்களோடு கூடிய செய்முறைத் தாள், விரலளவான தட்டைப் போத்தல், தபால் செலவு கட்டப்பட்ட திருப்பி அனுப்பும் உறை ஆகியவை இருக்கின்றன. போத்தலின் மூடியைத் திருகி இழுத்தால் அதனோடு ஒட்டிய மெல்லிய குச்சி வெளியே வரும். குச்சியின் நுனியில் வரிவரியாகச் சிறு பள்ளங்கள் உள்ளன. மலத்தின் மேல் அதை இழுத்து, அந்தப் பள்ளங்கள் மூடும் அளவுக்கு மட்டும் எடுத்தால் போதும். அள்ளிப் பூசத் தேவையில்லை, பூசவும் கூடாது. குச்சியைத் திரும்பச் செருகி மூடியை அழுத்தினால் ‘டிக்’ என்று பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு திறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் திரவம் மாதிரியைக் கெடாமல் வைத்திருப்பதற்கானது, ஆகவே அதை ஊற்றிவிடவும் கூடாது. போத்தலில் அன்றைய திகதியை எழுதி, தாமதிக்காமல் தபாலில் சேர்த்துவிட வேண்டும். முழு வேலைக்கும் எனக்கு ஐந்து நிமிடம் ஆனது.

கைக்குச் சற்றுச் சிரமமான இடம் ஒன்று உண்டு: மலம் மலசலகூடத்துத் தண்ணீரைத் தொடாமல் அதை ஏந்திக்கொள்ள வேண்டும். கழுவிய பழைய ஐஸ்கிறீம் டப்பா ஒன்றை நான் பயன்படுத்தினேன், பிறகு அதை எறிந்துவிட்டேன். தண்ணீரின் மேல் தாளை மடித்துப் பல அடுக்காக விரித்தும் செய்யலாம், ஆனால் டப்பாவே வசதி. வயிற்றுக் கழிவைப் பற்றிப் பேசவே கூசும் நமக்கு இந்த ஓரிரு நிமிடங்கள்தான் பெரிய மலை என்று எனக்குத் தோன்றுகிறது.

2019 ஜூனுக்கு முன்னர் இருந்த அட்டைப் பரிசோதனையோடு ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும். அதில் மூன்று வெவ்வேறு தடவை மலம் கழித்து, ஒவ்வொரு தடவையும் இரண்டு இடங்களில் எடுத்து, அட்டையின் ஆறு சிறு சாளரங்களில் பூசி, முடியும்வரை அட்டையை வீட்டிலேயே வைத்திருக்க வேண்டும். அண்ணா அதை முதல் நாளோடு கைவிட்டவர். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைத் தேடும் இப்போதைய பரிசோதனைக்கு ஃபிட் என்று பெயர், அதற்கு ஒரே ஒரு மாதிரி போதும். அது இரத்தத்தில் உள்ள மனித ஹீமோகுளோபினை மட்டுமே இனங்கண்டு பிடிக்கும் எதிர்ப்பொருள்களைக் கொண்டு வேலை செய்வதால், முதல் நாள் ஆட்டிறைச்சிக் கறி சாப்பிட்டிருந்தாலும் முடிவு மாறாது. பத்தியம் எதுவும் தேவையில்லை.

இரண்டு வாரங்களுக்குள் முடிவு கடிதமாக வரும். நூறு பேரில் ஏறத்தாழ 98 பேருக்கு மேலதிகப் பரிசோதனை தேவையில்லை என்றே வரும், எனக்கும் மூன்று தடவையும் அப்படியே வந்தது. இந்த ஒரு வரியைத்தான் நம்மவர்கள் பிழையாக வாசிக்கிறார்கள் என்பது என் கவலை. மேலதிகப் பரிசோதனை தேவையில்லை என்பது புற்றுநோய் இல்லை என்ற சான்றிதழ் அல்ல. பரிசோதனைத் திட்டம் ஃபிட்டுக்கு மாறியபோது, மேலதிகப் பரிசோதனைக்கு அழைப்பதற்கென இங்கிலாந்தில் வைத்த எல்லை, ஒரு கிராம் மலத்தில் 120 மைக்ரோகிராம் ஹீமோகுளோபின். ஸ்கொட்லாந்தில் அது 80. ஆனால் அறிகுறிகளோடு ஜீபியிடம் போகிறவருக்கு அதே வகைப் பரிசோதனையைச் செய்யும்போது, வெறும் 10 மைக்ரோகிராம் கண்டாலே விரைவாக மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்கிறது 2023இல் வந்த வழிகாட்டல். தபாலில் வருவது எந்த வருத்தமும் இல்லாதவர்களுக்கான சல்லடை, அதன் கண்கள் சற்றுப் பெரியவை. எனவே சென்ற மாதம் நல்ல கடிதம் வந்திருந்தாலும், இந்த மாதம் மலத்தில் இரத்தம் கண்டால் அந்தக் கடிதத்தைக் காட்டி மனத்தைத் தேற்றிக்கொள்ளாமல் ஜீபியிடம் போக வேண்டும். சில கட்டிகள் இரத்தம் கசியாமலும் இருக்கும், சில இடைவிட்டுத்தான் கசியும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள் இவைதாம்: மலத்தில் சிவப்பாகவோ தார்போல் கறுப்பாகவோ இரத்தம், மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் வயிற்றுப்போக்கு அல்லது மலச்சிக்கல், போய்வந்த உடனேயே மறுபடியும் போகவேண்டும் போன்ற உணர்வு, வயிற்றில் வலி அல்லது கட்டி, முயலாமலே மெலிவது, காரணம் தெரியாத களைப்பு. இவற்றை நாம் ‘சூடு பிடித்துவிட்டது’ என்றும் ‘மூலம்தான்’ என்றும் சொல்லி மோரும் வெந்தயமும் குடித்துக் கடத்திவிடுகிறோம். மூலமாகவே இருக்கலாம், அதை ஆராய்ந்து சொல்ல வேண்டியவர் மருத்துவர். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ ஓர் ஆணுக்கோ இரும்புச்சத்துக் குறைந்து இரத்தசோகை வந்தால், குளிசையோடு நிறுத்தாமல் இரத்தம் எங்கே போகிறது என்று கேட்க வேண்டும். 50 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் பொதியே வராது என்பதால் அவர்களுக்கு இந்த அறிகுறிகளே முதல் எச்சரிக்கை. குடல் புற்றுநோயைப் பற்றி நாடு முழுவதையும் கூச்சமின்றிப் பேசவைத்த டெபோரா ஜேம்ஸ், 2016இல் நோய் கண்டறியப்பட்டபோது 35 வயதினர். 2022இல் 40 வயதில் இறந்தார்.

அண்ணாவின் பொதி பதினொரு மாதம் குளிர்சாதனப் பெட்டியின் மேல் கிடந்தது. “எனக்கு ஒரு வருத்தமும் இல்லைப் பிள்ளை, பிறகேன் இதை?” என்பதே அவருடைய பதில். வருத்தம் இல்லாத காலத்தில் செய்வதற்குத்தான் இது என்று விளக்க எனக்குப் பல ஞாயிற்றுக்கிழமைகள் தேவைப்பட்டன. போத்தலில் அச்சிட்ட காலாவதித் திகதியும் அதற்குள் கடந்துவிட்டதால், பரிசோதனைத் திட்டத்தின் இலவசத் தொலைபேசி எண்ணை அழைத்து வேறொன்று பெற்றோம். இம்முறை வந்த கடிதத்தில் மேலதிகப் பரிசோதனை வேண்டும் என்று இருந்தது.

தாதி ஒருவரோடு முதலில் சந்திப்பு. அப்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுவிடுவது நல்லது. அது இலவசம், குடும்பத்தினர் முன்னால் சொல்லத் தயங்கும் விடயங்களையும் சொல்ல முடியும். அடுத்தது கொலொனோஸ்கோப்பி, அதாவது கமரா பொருத்திய மெல்லிய குழாயை ஆசனவாய் வழியாகச் செலுத்திப் பெருங்குடலைப் பார்ப்பது. அதற்கு முன் குடலைச் சுத்தம் செய்வதே எல்லாவற்றிலும் கடினமான பகுதி. தவிட்டரிசி, குரக்கன், கீரை, பருப்பு, விதையுள்ள காய்கள் எல்லாவற்றையும் சில நாட்களுக்கு நிறுத்தி, வெள்ளைச் சோறும் கோழியும் தோலுரித்த உருளைக்கிழங்கும் மட்டும் கொடுத்தேன். இரும்புக் குளிசை எடுப்பவர்கள் அதை ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். பிறகு பேதிமருந்துக் கரைசல். உப்பும் எலுமிச்சையும் கலந்த அந்தச் சுவை அண்ணாவுக்குப் பிடிக்கவேயில்லை. குளிரவைத்து, உறிஞ்சுகுழலால் குடித்தபோது இறங்கியது. அன்று மாலை மலசலகூடத்தை விட்டுத் தூரம் போக முடியாது.

பரிசோதனை அரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலாக நீடித்தது. மயக்க ஊசி போட்டதால் 24 மணித்தியாலத்துக்கு வாகனம் ஓட்டக் கூடாது என்றார்கள், நான்தான் கூட்டிவந்தேன். குடற்சுவரில் இரண்டு முளைகள் இருந்தன. ஒன்று 12 மில்லிமீட்டர். இரண்டையும் அங்கேயே கம்பி வளையத்தால் சுருக்கி அறுத்து எடுத்துவிட்டார்கள். குடலின் உட்தோலில் வலி உணரும் நரம்புகள் இல்லாததால் அறுத்தது அவருக்குத் தெரியவேயில்லை. குருதிப்பெருக்கும் குடலில் துளை விழுவதும் அரிதாக நேரக்கூடிய ஆபத்துகள், அவற்றை விளக்கிய பிறகே கையொப்பம் வாங்கினார்கள். ஆய்வில் இரண்டும் அடினோமா என்று வந்தது. இவ்வகை முளைகளில் சில, பெரும்பாலும் பத்தாண்டுகள் அளவில், புற்றுநோயாக மாறக்கூடியவை. நோயை நேரத்தோடு கண்டுபிடிப்பதோடு நில்லாமல், வருவதற்கு முன்னரே அதன் வேரை எடுத்துவிடவும் இந்தச் சேவையால் முடிகிறது. பிரித்தானியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 44,000 பேருக்குக் குடல் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. முதற்கட்டத்திலேயே கண்டால் பத்தில் ஒன்பது பேர் ஐந்தாண்டுகளைக் கடக்கிறார்கள், நான்காம் கட்டத்தில் அது பத்தில் ஒருவர் அளவுக்கு இறங்கிவிடுகிறது.

சுத்தம் செய்யும் நாட்களில் தள்ளிவைத்த அதே குரக்கனும் கீரையும் பருப்பும்தான் மற்ற நாட்களில் குடலைக் காப்பவை என்று தாதி சொன்னார். காலையில் பிள்ளைகளுக்குப் பொரித்துக் கொடுக்கும் சொசேஜ், பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சியைக் குடல் புற்றுநோய்க்குக் காரணமானது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இலேயே வகைப்படுத்திவிட்டது. மதுவும் புகையும் கூடிய உடற்பருமனும் இந்நோயின் ஆபத்தைக் கூட்டுகின்றன. லிஞ்ச் போன்ற மரபுக் குறைபாடு உள்ள குடும்பங்களுக்கோ தபால் பொதி போதவே போதாது. அவர்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கொலொனோஸ்கோப்பியே செய்கிறார்கள்.

அண்ணாவை மூன்று ஆண்டுகள் கழித்து மறுபடியும் பார்க்க இருக்கிறார்கள். 74 வயதைக் கடந்தவர்களுக்குப் பொதி தானாக வராது, ஆனால் அதே இலவச எண்ணை அழைத்துக் கேட்டால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அனுப்புவார்கள். போன மாதம் 77 வயதான எங்கள் மாமிக்குக் கேட்டு எடுத்தோம். செய்முறைத் தாளை நான் தமிழில் வாசித்துக் காட்டினேன். மறுநாள் காலை அவர் தானே செய்து, திகதியெழுதி, மூலைக் கடைக்கு முன்னால் இருக்கும் சிவப்புத் தபால் பெட்டியில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார்.