‘பர்மிஷன் எல்லாம் வாங்கியாச்சுங்ணா’ என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள்

மாசி முடிகிற நேரம். கம்பெனியில் ஷிப்மெண்ட் போய்விட்டது, இரண்டு நாள் மூச்சு விடலாம் என்று கிளம்பி 11,200 ரூபாயையும் அதற்கு மேல் அபராதத்தையும் தொலைத்துவிட்டு வந்த கதை இது. திருப்பூர், ஈரோடு, கோயமுத்தூர் பக்கம் இருப்பவர்கள் படித்துவிடுங்கள். வெயில் ஏற ஏற, அனுமதி இல்லாமலே காட்டுக்குள் மலையேறக் கூட்டிப்போகிறேன் என்று காசு வாங்கும் இந்த மாதிரி ஆட்கள் நிறைய வருவார்கள்.

மச்சானுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பனி மூடிய புல்மேடு, ஆரஞ்சு நிறக் கூடாரம், ஓரத்தில் இலையே இல்லாத ஒற்றை மரம். சத்தியமங்கலத்துக்கு மேலே ஆசனூர்க் காட்டில் ஓர் இரவு, மலையேற்றம், மூன்று வேளைச் சாப்பாடு, கேம்ப் ஃபயர், வனத்துறை அனுமதியுடன். ஆளுக்கு 2,800. நான், மச்சான், அக்கா, மருமகன் என்று நாலு பேருக்கும் ஜிபே பண்ணினேன். பணம் போனது ஏதோ ஒரு தனி ஆளின் நம்பருக்கு. பில் இல்லாமல் ஒரு கோன் நூல் வாங்காத ஆள் நான். அன்றைக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை.

பணம் வாங்கியவனிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். “ஏங்ணா, அது புலிகள் காப்பகமாச்சே, உள்ளே உடுவாங்களா?”

“பர்மிஷன் எல்லாம் வாங்கியாச்சுங்ணா, நீங்க வந்தாப் போதும்” என்று ஒரு காகிதத்தைப் படம் பிடித்து அனுப்பினான். ரப்பர் ஸ்டாம்பும் பச்சை மைக் கையெழுத்தும் இருந்தன. ஸ்டாம்பைப் பார்த்தேன், எழுத்தைப் படிக்கவில்லை.

சனிக்கிழமை பண்ணாரியில் அம்மனைக் கும்பிட்டுவிட்டு, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஆசனூர் போய்ச் சேர்ந்தோம். மொத்தம் பதினெட்டுப் பேர். பணம் வாங்கியவன் வரவில்லை. இரண்டு பொடியன்கள் நின்றிருந்தார்கள். கூடாரம் போட்டிருந்த இடம் ஒரு சோளக்காட்டு ஓரம். படத்தில் பார்த்த புல்மேடும் இல்லை, பனியும் இல்லை. தக்காளி சாதம் மட்டும் நன்றாக இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும்.

மூன்று மணிக்கு நடக்கக் கூட்டிப்போனார்கள். கிளம்பும்போது அதில் ஒருவன் சொன்னான்: “யாராச்சும் கேட்டா கோயிலுக்குப் போறோம்னு சொல்லிருங்க.” அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பர்மிஷன் இருக்கிறவன் எதற்குப் பொய் சொல்லச் சொல்கிறான்? அந்த இடத்திலேயே திரும்பியிருக்க வேண்டும். காசு கொடுத்தாயிற்றே என்ற நினைப்புத்தான் காலை முன்னால் இழுத்தது.

இரண்டு பக்கமும் உண்ணிச்செடி காய்ந்து நின்றது. நடுவில் அகலமாகச் செடி கொடி இல்லாமல் கருகிய பாதை ஒன்று. “சூப்பர் ரோடு” என்றான் அந்தப் பொடியன், பீடி பற்றவைத்துக்கொண்டே. அரை மணி நேரத்தில் வனக்காவலர் ஒருவரும் வாட்சர்கள் இரண்டு பேரும் எதிரே வந்தார்கள். பொடியன்களைக் காணோம்! உண்ணிச்செடிக்குள் எப்படிப் புகுந்து ஓடினார்கள் என்று இன்றுவரை புரியவில்லை.

வயதான வாட்சர் ஒருத்தர்தான் விளக்கினார். “இது ரோடு இல்லீங்க, தீத்தடுப்புக் கோடு. கோடைக்கு முந்தி நாங்களே எரிச்சு உடுவோம், தீ வந்தா இந்தப் பக்கம் தாண்டக் கூடாதுன்னு. யானையும் இதுலதான் தண்ணிக்குப் போகும்.” அப்புறம் கீழே கிடந்த பீடித்துண்டை எடுத்து, நசுக்கி, தன் பையில் போட்டுக்கொண்டார். எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வனச்சரக அலுவலகத்தில் அந்த அனுமதிக் காகிதத்தை நீட்டினேன். அங்கிருந்த அலுவலர் வாசித்துக் காட்டிய பிறகுதான் தெரிந்தது. தோட்டத்துக்காரர் ஒருவர் தன் பட்டா நிலத்தில் கூடாரம் போட்டுக்கொள்ளச் சம்மதித்து எழுதிய கடிதம் அது. வேலிக்கு அந்தப்பக்கம் இருக்கும் காட்டைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. இவர்கள் செய்கிற வித்தையே இதுதான்: தங்குவதற்குப் பட்டா நிலம், நடப்பதற்கு அரசாங்கக் காடு, இரண்டுக்கும் சேர்த்து ஒரே காகிதம். காப்பகத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வழக்கு நம் பேரில்தான் வரும். நாலு பேருக்கும் சேர்த்து 12,000 கட்டினோம். இரவு 9 மணிக்கு மேல் திம்பம் பாதையில் கார் விடமாட்டார்கள் என்பதால், ரசீதைக் கையில் வாங்கியதும் ஓட்டமாகக் கீழே இறங்கினோம்.

வழியில் யாரும் பேசவில்லை. மச்சான்தான் ஒருமுறை “குரங்கணி” என்றார். 2018 மார்ச் 11, தேனி மாவட்டம். காட்டுத்தீயில் 23 பேர் போனார்கள். அன்று மலையேறியவர்களில் ஒரு குழு நம் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகள். இதே மாதம், இதே காய்ந்த புல். எங்களுக்கு ராத்திரி கேம்ப் ஃபயர் வேறு போடுவதாக இருந்தான்.

முறையாகப் போக வழி இல்லாமல் இல்லை. ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று அரசாங்கமே 2024 அக்டோபரில் 40 பாதைகளைத் திறந்தது. ஆழியாறு, டாப்சிலிப் பக்கம்கூட உண்டு. அவர்களுடைய இணையதளத்தில்தான் பதிவு, கூட வருவது பயிற்சி பெற்ற மலைவாழ் மக்கள். ஆனால் தீக்காலத்தில் அதையே மூடிவிடுவார்கள்; 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடினார்கள். அரசாங்கமே மூடி வைத்திருக்கும் மார்ச்சில் ஒருவன் ‘அனுமதியுடன் மலையேற்றம்’ என்று விற்றால் என்ன அர்த்தம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த மாதங்களில் ஏறியே தீர வேண்டும் என்றால் வெள்ளியங்கிரி இருக்கிறது. பிப்ரவரி முதல் மே வரை பூண்டியிலிருந்து வனத்துறையே விடுகிறது. ஏழு மலை ஏறி இறங்கினால் எந்த ஆசையும் அடங்கிவிடும்.

பணத்துக்கு 1930 என்ற சைபர் உதவி எண்ணில் புகார் கொடுத்தேன், 1915 நுகர்வோர் எண்ணிலும் பதிந்திருக்கிறேன். புகார் எண் வந்தது, பணம் வரவில்லை. அவன் நம்பர் அணைந்துவிட்டது. நேற்று மருமகன் இன்னொரு குரூப்பில் வந்ததைக் காட்டினான். வேறு பெயர், வேறு நம்பர், இந்த முறை பர்கூர் மலையாம், ஆளுக்கு 3,200. படம் மட்டும் அதேதான், ஓரத்தில் அந்த இலையில்லாத ஒற்றை மரத்தோடு.