வேலூர் வெயிலுக்கு ஏக்மியாவா, குஸ்மேனியாவா?

அன்னாசியைத் தெரியாதவர் கிடையாது. அதன் சொந்தக்காரச் செடிகளைத்தான் நர்சரிகளில் புரோமிலியாட் என்று விற்கிறார்கள். 3,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ள குடும்பம். மேற்கு ஆப்பிரிக்காவில் வளரும் ஒரே ஓர் இனத்தைத் தவிர எல்லாமே அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடியில் நான்கு வருடமாக இவற்றில் இரண்டை வளர்க்கிறேன்: ஏக்மியா ஃபேசியாட்டா, குஸ்மேனியா லிங்குலாட்டா. வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

கடையில் பார்த்தால் குஸ்மேனியாதான் கண்ணைப் பறிக்கும். முள்ளே இல்லாத பளபளப்பான பச்சை இலை, நடுவில் நட்சத்திரம் போல விரிந்த சிவப்பு மடல்கள். ஏக்மியாவின் அழகு வேறு மாதிரி. சாம்பல் பச்சை இலையில் குறுக்கே வெள்ளிப் பட்டைகள், ஓரத்தில் முள், நடுவில் இளஞ்சிவப்புக் கொத்து. அதற்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் நீலப் பூக்கள் சீக்கிரம் வாடிவிடும், இளஞ்சிவப்பு மடல் மட்டும் மாதக்கணக்கில் நிற்கும்.

ஆனால் நம் ஊருக்கு வாங்கும்போது பூவைப் பார்க்காதீர்கள், இலையைத் தொட்டுப் பாருங்கள். ஏக்மியா இலை தடிமன், மேலே திருநீறு பூசியது போல வெள்ளைப் பொடி. ஒருமுறை ஊரிலிருந்து வந்த சித்தி, "என்னடா இது, இலை பூரா சுண்ணாம்பு படிஞ்சு கிடக்குது" என்று ஈரத்துணியால் ஓர் இலையை அழுத்தித் துடைத்துவிட்டார். துடைத்த இடம் வெறும் பச்சையாகவே நின்றுவிட்டது. அது தூசி இல்லை, நுண்ணிய செதில்கள். வெயிலைத் திருப்பி அனுப்பி, ஈரத்தை இழுத்துப் பிடிப்பது அவைதான். அதோடு ஏக்மியா, அன்னாசியைப் போலவே, இலைத்துளைகளை இரவில் திறந்து காற்றை வாங்கிக்கொண்டு பகலில் மூடி வைத்துக்கொள்ளும். குஸ்மேனியா ஈரமான காட்டு நிழலில் வளர்ந்த செடி, பகலில்தான் துளைகளைத் திறக்கும். ஈரக்காற்றில் அது பிரச்சினையே இல்லை. அக்னி நட்சத்திரத்தில், 40 டிகிரியைத் தாண்டி அனல்காற்று வீசும்போது நிலைமை வேறு, திறந்த துளை வழியே இலையின் ஈரம் போய்விடும். என் குஸ்மேனியாவுக்கு மார்ச்சில் நுனி கருக ஆரம்பித்தது, மே முடிவதற்குள் பாதி இலை காய்ந்துபோனது. அதே மாடியில் 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே, காலை வெயில் மட்டும் படும்படி வைத்த ஏக்மியாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. உச்சி வெயிலில் விட்டால் அதுவும் கருகும்.

அடுத்தது தண்ணீர். இரண்டுமே இலைகளின் நடுவில் இருக்கும் குழியில்தான் தண்ணீரைத் தேக்கிக் குடிக்கும். எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம். குழியில் ஊற்றிய தண்ணீர் ஆவியாக ஆவியாக உப்பு மட்டும் தங்கி, வெந்நீர்ப் பாத்திரத்தில் படிவது போல இலையில் வெள்ளைக் கோடு போடும். குஸ்மேனியாவுக்கு இது சீக்கிரம் நுனியில் தெரியும். ஏக்மியா கொஞ்சம் பொறுக்கும், அவ்வளவுதான். அதனால் மாடியில் விழும் மழைநீரை மூடி போட்ட டிரம்மில் பிடித்து வைத்து அதையே ஊற்றுகிறேன். வாரம் ஒருமுறை தொட்டியைச் சாய்த்துக் குழித் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்தக் குழியே போதும், இதில் மட்டும் சோம்பல் கூடாது.

மண் விஷயத்தில் இரண்டுக்கும் ஒரே கவனிப்புதான். காட்டில் இவை பெரும்பாலும் மரத்தின் மேல் ஒட்டி வாழ்பவை, வேர் பிடிமானத்துக்குத்தான் அதிகம் பயன்படும். சின்னத் தொட்டி, தேங்காய் நார்த் துண்டு, கரித்துண்டு, கொஞ்சம் மரப்பட்டை போதும். செம்மண் நிரப்பித் தினமும் ஊற்றினால் அடி அழுகிவிடும். தாமிரம் கலந்த பூஞ்சை மருந்தை மட்டும் அடிக்காதீர்கள், இந்தக் குடும்பத்துக்கு அது விஷம்.

பூ வந்த பிறகு செடி வாடுகிறதே என்று பலர் பிடுங்கிப் போட்டுவிடுகிறார்கள். மனசு கேட்காத விஷயம் இது. வாழை மாதிரிதான், தாய் ஒருமுறை பூத்து முடிந்து பக்கக்கன்று விடும். கன்று தாயின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது வந்ததும் வெட்டித் தனியாக நடலாம். இரண்டு மூன்று வருடம் வளர்ந்தும் பூக்கவில்லையா? குழித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, செடியோடு ஒரு பழுத்த ஆப்பிளை வைத்து பிளாஸ்டிக் பையால் ஒரு வாரம் பத்து நாள் மூடி, நிழலில் வையுங்கள். பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு பூக்கத் தூண்டும், சில வாரங்களில் மொட்டு வரும். அன்னாசித் தோட்டங்களில் எத்திஃபான் என்ற எத்திலீன் தரும் மருந்தைத் தெளிப்பதும் இதற்காகத்தான்.

சரி, குஸ்மேனியாவை யார் வாங்கலாம்? ஏலகிரி மேலே வீடு இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம், மார்கழிக் குளிரில் மட்டும் இரவில் உள்ளே எடுத்து வைக்க வேண்டும். கீழே வேலூரில் என்றால், வீட்டுக்குள் கிழக்கு ஜன்னல் பக்கம், ஏசி காற்று நேராகப் படாத இடம், மழைநீர் கைவசம். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் முள் இல்லாததும் பெரிய வசதி. மாடிக்கும் வாசலுக்கும் கேட்டால் ஏக்மியாவைத்தான் சொல்வேன்.

போன ஐப்பசியில் பூத்த என் ஏக்மியா இப்போது இரண்டு கன்று விட்டிருக்கிறது. பெரியதில் வெள்ளிப் பட்டை தெரிய ஆரம்பித்துவிட்டது. அதைச் சித்திக்கென்று வைத்திருக்கிறேன்.