ஓர் ஆய்வாளரின் வாழ்நாள் பணியைப் பப்மெட் வழியே படிப்பது: ஒரு மதிப்பீடு

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் இலவசச் சேவைகளில் பப்மெட்டுக்கு இணையாக வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை. அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் இச்சேவை 1996இல் தொடங்கி, மறு ஆண்டே எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தும் வகையில் திறந்துவிடப்பட்டது. இன்று மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைகளின் விவரங்கள் அதில் உள்ளன. ஆனால் ஒரு நோயைப் பற்றித் தேடுவது வேறு, ஒருவரது ஆய்வு வாழ்க்கையைத் தொடக்கம் முதல் பின்தொடர்வது வேறு. இந்த இரண்டாவது வேலைக்கு அது எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்பதை, நோய் எதிர்ப்பியலின் முன்னோடி ழாக் மில்லரின் கட்டுரைகளை வைத்தே மதிப்பிடுகிறேன்.

பிறந்தவுடன் மார்பிலுள்ள தைமஸ் சுரப்பி அகற்றப்பட்ட சுண்டெலிகளில் லிம்போசைட்டுகள் என்னும் நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள் குறைந்துபோவதையும், அவை வேற்றினச் சுண்டெலியின் தோலைக்கூட நிராகரிக்காமல் ஏற்றுக்கொள்வதையும் மில்லர் 1961 செப்டம்பரில் 'லான்செட்' இதழில் வெளியிட்டார். பயனற்றதாகக் கருதப்பட்டுவந்த ஓர் உறுப்பின் பணியை உலகுக்கு உணர்த்திய அக்கட்டுரை இரண்டே பக்கங்கள் கொண்டது. பப்மெட்டில் அதைத் திறந்தால் தலைப்பும் இதழும் பக்க எண்ணும் கிடைக்கின்றன, சுருக்கம் கிடையாது. அக்காலப் பதிவுகள் அச்சிடப்பட்ட பழைய அட்டவணைகளிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதே இதற்குக் காரணம். பட்டியலை மேலோட்டமாகப் பார்த்துச் செல்பவர் அந்த வரியைக் கவனிக்காமலே கடந்துவிட வாய்ப்புண்டு என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

1968க்கு வந்தால் நிலைமை வேறு. மெல்போர்னின் வால்டர் அண்ட் எலிசா ஹால் நிறுவனத்தில் மில்லரும் அவருடைய மாணவர் கிரஹாம் மிட்செல்லும் செய்த சோதனைகள் 'ஜர்னல் ஆஃப் எக்ஸ்பெரிமென்டல் மெடிசின்' இதழில் தொடர்கட்டுரைகளாக வந்தன. முழுக் கட்டுரைகளை இலவசமாகத் தரும் பப்மெட் சென்ட்ரல் இணைப்பின் வழியாக அவற்றை முழுமையாகவே படிக்கலாம். சுண்டெலிகளுக்குச் செம்மறியாட்டின் இரத்தச் சிவப்பணுக்களைச் செலுத்தி, அவற்றைச் சிதைக்கும் எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) உண்டாக்கும் செல்கள் எங்கிருந்து வருகின்றன என்று அவர்கள் தேடினார்கள். எதிர்ப்பொருளைச் சுரப்பவை எலும்பு மச்சையிலிருந்து வந்தவை என்றும், அவை வேலை செய்யத் தைமஸ்வழிச் செல்களின் துணை வேண்டும் என்றும் தெரியவந்தது. இன்று பாடநூல்களில் டி செல், பி செல் என்று நாம் படிக்கும் பிரிவினை இதன்மேல் எழுந்ததுதான். இத்தொடரின் மூன்றாம் கட்டுரையில் குரோமோசோம் அடையாளத்தைக் கொண்டு அதே முடிவு தனித்தனிச் செல்களில் சோதிக்கப்பட்டது. அதில் முதற்பெயர் அந்நிறுவனத்தின் அப்போதைய இயக்குநர் கஸ்டவ் நோசலுடையது, மில்லரின் பெயர் கடைசியில் வருகிறது. இவ்வரிசையைப் பாராமல் எண்ணிக்கையை மட்டும் கூட்டுகிறவருக்கு அந்த ஆய்வகத்தின் கூட்டுழைப்பு பிடிபடாது.

சேவையின் பெருங்குறை பெயர்த்தேடலில் இருக்கிறது. குடும்பப் பெயரும் முதலெழுத்துகளும் மட்டுமே கொடுத்தால், அதே முதலெழுத்துகள் கொண்ட வேறு மில்லர்களும் வந்து கலந்துவிடுகிறார்கள். 2002க்கு முந்தைய பதிவுகளில் ஆசிரியரின் முழுப்பெயரே இல்லை. உறுதியாக அவருடையது என்று தெரிந்த ஒரு கட்டுரையைத் திறந்து, அங்குள்ள பெயரைச் சொடுக்குவது நல்ல வழி. அவருடையவையாக இருக்கக்கூடிய கட்டுரைகளைக் கணினியே மதிப்பிட்டு முன்னால் கொண்டுவருகிறது. அதன்பின் ஊர், நிறுவனம், உடன் எழுதியவர்கள் ஆகியவற்றை நாமேதான் சரிபார்க்க வேண்டும்.

ஆய்வாளருக்கு மதிப்பெண் எதையும் பப்மெட் சூட்டுவதில்லை. இதை நான் நிறையாகவே கருதுகிறேன். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின்மேல் அதைத் தெளிவாகக் குறிப்பதும் பாராட்டுக்குரியது. எனினும், ஒரு கட்டுரை பப்மெட்டில் இடம்பெற்றிருப்பதையே தரச்சான்றாக முன்வைப்பது தவறு. அந்நூலகம் எந்தக் கட்டுரையின் முடிவுக்கும் உறுதி அளிப்பதில்லை.

தந்தை பெயரின் ஒற்றை முதலெழுத்தோடு எழுதும் நம் இளம் ஆய்வாளர்களுக்குப் பெயர்க்குழப்பம் இன்னும் கடுமையானது. 'எஸ். குமார்' என்று தேடினால் வரும் பட்டியலைத் தனியொருவர் பிரித்தெடுக்கவே இயலாது. முதல் கட்டுரையை அனுப்பும் முன்பே ஆய்வாளர் ஒவ்வொருவரையும் தனித்து அடையாளம் காட்டும் இலவசமான ஆர்க்கிட் (ORCID) எண்ணைப் பெற்று, ஒவ்வொரு கட்டுரையிலும் அதைச் சேர்த்து, பெயரை எப்போதும் ஒரே வடிவில் எழுதுங்கள். பப்மெட்டில் அந்த எண்ணைக் கொண்டே நேரடியாகத் தேட முடியும்.